ஒரு ராத்திரிக்கு 23,000 ரூபாயா? ரியோகான் விஷயத்தில் நான் சொன்னது பாதி தப்பு



நம்ம சேனலை ரொம்ப நாளா பார்க்கிறவங்களுக்கு அந்த வீடியோ ஞாபகம் இருக்கும். ஜப்பான் டிரிப்பில் காசு எங்கெல்லாம் வீணாகும்னு ஒரு லிஸ்ட் போட்டிருந்தேன். அதில் மூணாவதாக ரியோகானைச் சொன்னேன். "தரையில் மெத்தை போட்டுப் படுக்க இருபதாயிரம் ரூபாயா? பேசாம பிசினஸ் ஹோட்டல்ல தூங்குங்க பாஸ்" என்று சிரிச்சுக்கிட்டே சொன்ன ஞாபகம். நல்லா ஓடிய வீடியோ. இன்னமும் யாராவது அதைப் பார்த்துவிட்டு "அண்ணா, ரியோகான் வேண்டாம்னு பிளான்ல இருந்து எடுத்துட்டேன்" என்று எழுதுகிறார்கள்.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஏன்னா நான் அன்றைக்குச் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதி தப்பு. அந்தத் தப்பை எழுத்திலேயே சரி செய்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில், தெரியாதவங்களுக்காக. ரியோகான் என்பது ஜப்பானின் பழைய பாணி விடுதி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அறையில் கட்டில் இருக்காது, டாடாமி என்ற கோரைப்பாய் விரித்த தரை. நீங்கள் இரவு உணவுக்குப் போன நேரத்தில் ஊழியர் வந்து ஃபுடோன் மெத்தையை விரித்து வைத்துவிடுவார். உடுத்திக்கொள்ள யுகாடா என்ற பருத்தி அங்கி தருவார்கள். (இடப்பக்கத்தை மேலே வைத்துக் கட்ட வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்குக் கட்டும் முறை. நான் முதல் தடவை எப்படிக் கட்டினேன் என்று கேட்காதீங்க.) பெரும்பாலும் வெந்நீர் ஊற்று இருக்கும் மலையூர்களில்தான் நல்ல ரியோகான்கள் இருக்கும். அந்த ஊற்றுக் குளியலுக்குப் பெயர் ஒன்சென்.

உலகத்திலேயே பழைய விடுதி என்று கின்னஸ் புத்தகம் ஏற்றுக்கொண்டிருப்பதும் இப்படி ஒன்றைத்தான். யமனாஷி மாகாணத்து மலைக்குள் இருக்கும் நிஷியாமா ஒன்சென் கெய்யுன்கான். கி.பி. 705-ல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அதாவது நம்ம தஞ்சைப் பெரிய கோயில் கட்டுவதற்கு முந்நூறு வருஷம் முன்னாடி!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2018. நானும் மனைவியும் முதல் தடவை ஜப்பான் போனோம். பத்து நாள், ஏழு ஊர். எக்செல் ஷீட் போட்டு அரை மணி நேரக் கணக்கில் பிளான் பண்ணியிருந்தேன். ஒரு மலையூரில் ஒரே ஒரு ராத்திரி ரியோகான், இரண்டு பேருக்கு 44,000 யென். அன்றைக்கு வழியில் இன்னொரு இடத்தையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் இறங்கினேன். பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம். விடுதிக்குப் போய்ச் சேரும்போது இரவு எட்டே முக்கால்.

அங்கே இரவு உணவு ஆறு மணிக்கு, இல்லைன்னா ஏழு மணிக்கு. அதைத் தாண்டி வந்தால் கிடையாது. புக்கிங் மெயிலிலேயே போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை. பணமும் திரும்ப வராது. அந்த அம்மா குனிந்து குனிந்து வருத்தம் சொன்னாரே தவிர, அடுப்பு அணைந்தாயிற்று. பக்கத்தில் கடை எதுவும் இல்லை. ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கையும் கப் நூடுல்ஸையும் அந்த அழகான டாடாமி அறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம். பத்து நிமிஷம் குளியல், தூக்கம், காலை ஏழரைக்கு அடுத்த ரயிலைப் பிடிக்க ஓட்டம்.

அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் கேமரா முன்னாடி உட்கார்ந்து "வேஸ்ட்" என்றேன். நேர்மையாகச் சொல்லியிருந்தால், "நான் வேஸ்ட் பண்ணினேன்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போ கணக்கு. அதுக்குத்தானே நீங்க இங்க வர்றீங்க.

நடுத்தர ரியோகான் ஒன்றில் இன்றைக்கு ஒருவருக்கு ஒரு ராத்திரி சுமார் 20,000 யென் ஆகும். கவனிங்க, ஒருவருக்கு! ஜப்பானில் ரியோகான் விலை அறைக்கு இல்லை, தலைக்கு. ஜப்பானிய வெப்சைட்டில் பார்த்துவிட்டு "அட, இவ்வளவுதானா" என்று குதித்தவர்கள் பலர், நானும் அதில் உண்டு. இரண்டு பேருக்கு 40,000 யென். ஒரு யென் 58 பைசா என்று வைத்தால் 23,200 ரூபாய். இதுபோக ஒன்சென் ஊர்களில் குளியல் வரி என்று ஒன்று உண்டு, பெரும்பாலான ஊர்களில் ஒருவருக்கு 150 யென். டிப்ஸ் தர வேண்டியதில்லை.

இந்தக் காசுக்குள் என்னவெல்லாம் அடக்கம்? படுக்கை, பத்துப் பன்னிரண்டு சின்னச் சின்னக் கிண்ணங்களாக வந்துகொண்டே இருக்கும் கைசேகி இரவு உணவு, காலை உணவு, எத்தனை தடவை வேண்டுமானாலும் குளியல். ரியோகானை ஆதரிப்பவர்கள் போடும் கணக்கு இதுதான்: "இந்த மாதிரி டின்னர் வெளியே சாப்பிட்டால் 10,000 யென், காலைச் சாப்பாடு 2,000. அப்போ படுக்கைக்கு வெறும் 8,000 தானே? டோக்கியோ ஹோட்டலுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

இந்தக் கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன்னா நீங்க வெளியே 10,000 யெனுக்கு டின்னர் சாப்பிடவே போறதில்லை. 1,000 யென் கறி ரைஸ் சாப்பிடுவீங்க. காலையில் கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல 500 யெனுக்கு ஏதாவது வாங்குவீங்க. பிசினஸ் ஹோட்டலில் இரண்டு பேருக்கு ஒரு அறை 14,000 யென் என்றால் தலைக்கு 7,000. ஆக ரியோகானுக்குப் போகாவிட்டால் உங்கள் செலவு தலைக்கு 8,500 யென். போனால் 20,000. வித்தியாசம் 11,500. தம்பதிக்கு 23,000 யென், நம்ம காசில் 13,300 ரூபாய் சொச்சம்.

உண்மையான கேள்வி இதுதான். 23,000 ரூபாய் இல்லை, எட்டாயிரமும் இல்லை. இந்த ஒரு ராத்திரிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் 13,300 ரூபாய்க்கு அது தகுமா?

தகும் என்பது என் இப்போதைய கருத்து. ஆனால் மூணு விஷயம் சரியாக இருந்தால்தான். ஒரே ஒரு ராத்திரி அல்லது இரண்டு. கடன் வாங்காத காசு. மூணு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுகிற பிளான்.

மூணாவதைப் பார்த்து சிரிக்காதீங்க. அதுதான் பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பெரும்பாலான ரியோகானில் செக்-இன் மதியம் மூணு மணி, செக்-அவுட் காலை பத்து. 19 மணி நேரம். 40,000 யெனை 19-ஆல் வகுத்தால் மணிக்கு 2,100 யென், அதாவது 1,200 ரூபாய் சொச்சம். நாங்கள் 2018-ல் எட்டே முக்கால் ராத்திரிக்குப் போய்க் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். அதில் பாதிக்கு மேல் தூக்கம். தியேட்டருக்கு இடைவேளைக்கு அப்புறம் போய், கிளைமாக்ஸுக்கு முன்னாடி எழுந்து வந்துவிட்டு, படம் நல்லா இல்லைன்னு விமர்சனம் எழுதின மாதிரி.

ரியோகானில் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை என்பதுதான் விஷயமே. டீ குடிக்கணும். குளிக்கணும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலையைப் பார்க்கணும். சாப்பிடணும். மறுபடி குளிக்கணும். வாரம் ஆறு நாள் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுகிற நமக்கு அது முதல் ஒரு மணி நேரம் பயங்கரமா போர் அடிக்கும். ரெண்டாவது மணி நேரத்துலதான் தோள்பட்டை இறங்கும். அதனாலதான் மூணு மணி.

கடன் விஷயத்துக்கு வருவோம். இப்போ "இப்போ டிரிப், அப்புறம் காசு" என்று எல்லா ஆப்பிலும் ஒரு பட்டன் வந்துவிட்டது. 3 லட்ச ரூபாய் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 24 மாதம். இ.எம்.ஐ. சுமார் 14,400. மொத்தம் கட்டுவது 3,45,700. வட்டி மட்டும் 45,700 ரூபாய். மேலே சொன்ன ரியோகானில் இரண்டு பேர் இரண்டு ராத்திரி தங்கினால் 46,400. பேங்க் மேனேஜரை மலையூருக்கு அனுப்பி வைத்து, யுகாடா கட்டி, கைசேகி சாப்பிட வைக்கிறீங்க. அதே 24 மாதம், மாதம் 12,000 ரூபாய் ஆர்.டி. போட்டால், 6.5 சதவீத வட்டியில் 3 லட்சத்தைத் தாண்டிவிடும். இ.எம்.ஐ.யைவிட மாதம் 2,400 ரூபாய் குறைவு. "ரெண்டு வருஷம் காத்திருக்கணுமே" என்பீங்க. ஆமாம், காத்திருக்கணும். (இந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன். அதுதான் இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம்.)

கார்டு பற்றி ஒரு வரி. சாதாரண கிரெடிட் கார்டில் 3.5 சதவீத ஃபாரெக்ஸ் மார்க்கப், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 23,200 ரூபாய் பில்லுக்கு ஏறக்குறைய 950 ரூபாய் அதிலேயே போய்விடும். மார்க்கப் இல்லாத கார்டு கொண்டுபோங்க. மெஷின் "ரூபாயிலா, யெனிலா" என்று கேட்டால் எப்போதும் யென். சின்ன ஊர்களில் குடும்பமாக நடத்தும் விடுதிகள் ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள், நகரத்திலேயே செவன் லெவன் ஏ.டி.எம்.மில் எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

எந்த ஊர் என்று கேட்பீங்க. இன்ஸ்டாகிராமில் பனி கொட்டுகிற ஒரு தெருவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. யமகாட்டாவில் இருக்கும் கின்சான் ஒன்சென். அழகுதான். ஆனால் கூட்டம் தாங்காமல் குளிர்காலத்தில் பகல் பயணிகளுக்கே கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். அங்கே அறை கிடைப்பது தத்கல் டிக்கெட் கதை. என் சாய்ஸ் வேறு.

கினோசாகி. கியோட்டோவிலிருந்து நேரடி எக்ஸ்பிரஸ் ரயிலில் இரண்டரை மணி நேரம், ஒருவழி டிக்கெட் 5,000 யென் அளவில். ஹ்யோகோ மாகாணத்தில், ஜப்பான் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். நடுவே ஒரு சின்ன ஆறு, இரண்டு கரையிலும் வில்லோ மரம். ஊரில் ஏழு பொதுக் குளியல் கூடங்கள். எந்த விடுதியில் தங்கினாலும் அந்த ஏழுக்கும் அனுமதி இலவசம். 6,000 ரூபாய் அறையில் தங்குகிறவரும் 60,000 ரூபாய் அறையில் தங்குகிறவரும் அதே யுகாடா, அதே மரச்செருப்பு, அதே தொட்டி. சாயங்காலம் ஊரே டக் டக்கென்று மரச்செருப்புச் சத்தத்தோடு கூடம் கூடமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இது தானாக அமைந்தது இல்லை. 1925-ல் ஒரு நிலநடுக்கமும் தீயும் ஊரை அழித்துவிட்டன. திரும்பக் கட்டினார்கள். 1927-ல் ஒரு விடுதி தன் கட்டடத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியல் அமைக்கப் போக, ஊர் எதிர்த்து வழக்கு போட்டது. "எல்லாரும் உள்ளேயே குளித்தால் தெருவில் யார் நடப்பார்கள்? சின்னக் கடைகள் என்ன ஆகும்? ஊற்று எல்லாருக்கும் பொது அல்லவா?" என்பது ஊரின் வாதம். இருபது வருஷத்துக்கு மேல் இழுத்து 1950-ல்தான் சமரசம் ஆனது. உள்ளே குளியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சின்னதாக. அதனால்தான் இன்றைக்கும் விருந்தாளி விடுதிக்குள் அடைந்து கிடக்காமல் தெருவுக்கு வருகிறார். ஸ்டேஷன்தான் வாசல், தெருதான் தாழ்வாரம், விடுதிகள்தான் அறைகள் என்று அங்கே ஊரையே ஒரு பெரிய ரியோகானாகச் சொல்வார்கள்.

உங்களுக்கும் எனக்கும் இதில் என்ன லாபம்? ஊரின் சிறந்த குளியல் எல்லாம் வெளியே இருப்பதால், நீங்கள் விலையுயர்ந்த விடுதியில் தங்க வேண்டிய அவசியமே இல்லை. "சுடோமாரி" என்று ஒரு வகை உண்டு, சாப்பாடு இல்லாமல் தங்க மட்டும். தலைக்கு 10,000 யென் அளவில் தேடினால் கிடைக்கும். வார நாளில் போங்க, சனிக்கிழமை ராத்திரி விலை ஏறும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நண்டு சீசன், அப்போது சாப்பாட்டோடு எடுத்தால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். பச்சை குத்தியவர்களை ஜப்பானில் பல ஒன்சென்களில் விட மாட்டார்கள், இந்த ஏழு கூடங்களிலும் அந்தப் பிரச்சினை இல்லை.

கியூஷுவில் குரோகாவா என்று இன்னொரு ஊர், அங்கேயும் இதே புத்தி. இடப்பற்றாக்குறையால் திறந்தவெளிக் குளியல் கட்ட முடியாத விடுதிகளையும் சேர்த்துக்கொள்ள, 1986-ல் ஒரு மரவில்லைப் பாஸ் கொண்டுவந்தார்கள். இப்போது 1,500 யென், ஊரில் எந்த மூன்று விடுதியிலும் போய்க் குளிக்கலாம். தனித்தனி விளம்பரப் பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டு மரம் நட்டார்கள். போட்டியாளரோடு கூட்டு சேர்ந்து ஜெயித்த கதை வேணும்னா இதை ஒரு தனி வீடியோவாவே போடலாம்.

குளியல் பற்றி நம்ம ஆளுங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆமாம், உடை எதுவும் கிடையாது. ஆண் பெண் தனித்தனி. முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நல்லாக் குளித்துவிட்டு, அப்புறம்தான் தொட்டியில் இறங்கணும். தொட்டி குளிக்கிற இடம் இல்லை, ஊறுகிற இடம். கூச்சமாக இருந்தால் தனிக் குளியல் இருக்கும் விடுதியாகப் பாருங்க. முக்கால் மணி நேரம் உங்களுக்கு மட்டும் தருவார்கள், சில இடத்தில் இலவசம், சில இடத்தில் 2,000, 3,000 யென். ஆனால் அந்தக் கூச்சம் மூணு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

சைவக்காரங்க கவனிங்க. என் மனைவி சைவம், அதனால் இதை அனுபவித்தே சொல்றேன். ரியோகான் சாப்பாட்டில் காய்கறி மாதிரி தெரிவது எல்லாமே தாஷி என்ற சாற்றில் வெந்திருக்கும், அது பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுப்பது. போய் இறங்கி "நோ மீட், நோ ஃபிஷ்" என்றால் அந்தச் சமையல்காரர் பாவம் என்ன செய்வார்? புக் பண்ணும்போதே மெயிலில் எழுதுங்க. முடியாது என்று பதில் வந்தால் கோபப்படாமல் சுடோமாரி எடுங்க. இல்லையென்றால் கோயாசானுக்குப் போங்க. கூக்காய் என்ற துறவி 816-ல் தொடங்கிய மலைமேல் மடங்களின் ஊர். ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயில், அப்புறம் கேபிள் கார். ஐம்பது மடங்கள் அளவில் தங்க இடம் தருகின்றன. சாப்பாடு முழுக்க சைவம், எள்ளில் செய்யும் ஒரு தோஃபு இருக்கே... விடியற்காலை பூஜைக்கு நாமும் உட்காரலாம். டாடாமி, ஃபுடோன் எல்லாம் ரியோகான் மாதிரியேதான்.

இன்னொரு விஷயம், ஜே.ஆர். பாஸ். "ஏழு நாள் பாஸ் எடுத்துடுங்க" என்று பழைய வீடியோவில் நானே சொன்னேன். 2023 அக்டோபரில் 29,650 யெனிலிருந்து 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். இரண்டு மூன்று ஊரில் நின்று நிதானமாகப் போகிறவர்களுக்குத் தனித்தனி டிக்கெட்தான் லாபம். பத்து நாளில் ஏழு ஊர் ஓடுகிறவர்கள் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்க. ஓடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, எனக்கு ரியோகான் பற்றி மனசை மாற்றிய இடம். அது ரியோகானே இல்லை. மின்ஷுகு. வீட்டோடு சேர்த்து நடத்துகிற சின்ன விடுதி, ரியோகானின் ஏழைத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2023 நவம்பர். இந்தத் தடவை எக்செல் ஷீட்டை மனைவிதான் போட்டாள். அதில் ஊர்கள் மொத்தம் மூன்று. அதில் ஒன்று கிசோ பள்ளத்தாக்கில் இருக்கும் சுமாகோ. எடோ காலத்தில் கியோட்டோவையும் எடோவையும் மலை வழியாக இணைத்த நகசெந்தோ பாதையில், வழிப்போக்கர்கள் தங்கும் ஊர் அது. ரயில் பாதையும் பெருஞ்சாலையும் வேறு வழியாகப் போய்விட, ஊர் காலியாகத் தொடங்கியது. பழைய வீடுகளை இடித்துப் புதுசாகக் கட்டுவதற்குப் பதில், இருப்பதைக் காப்பாற்றுவது என்று ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள். 1971-ல் தங்களுக்குள் ஒரு உறுதிமொழி எழுதிக்கொண்டார்கள்: வீட்டை விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். ரியல் எஸ்டேட் வீடியோ போடுகிற எனக்கு அந்த மூன்று வரியைக் கேட்டு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. இன்றைக்கும் அந்தத் தெருவில் பகலில் கார் இல்லை, தலைக்கு மேலே கரண்ட் கம்பி இல்லை.

மாகோமேயிலிருந்து சுமாகோவுக்கு எட்டு கிலோமீட்டர் மலைப்பாதை, மூன்று மணி நேர நடை. வழியில் ஆங்காங்கே மணி தொங்கும், கரடி வராமல் இருக்க அடித்துவிட்டுப் போக வேண்டும். நடுவழியில் ஒரு பழைய வீட்டில் டீ தருவார்கள், விருப்பப்பட்டதைப் போட்டுவிட்டு வரலாம். சுற்றிலும் ஹினோகி மரம். அந்தக் காலத்தில் அதில் ஒன்றை வெட்டினால் ஒரு தலை போகும் என்று சொல்வார்களாம், அவ்வளவு மதிப்பு.

மூணு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தலைக்கு 11,000 யென், இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. எழுபது தாண்டிய தம்பதி நடத்திய வீடு. நாலே அறை. சுவர் மெல்லிசு, பக்கத்து அறைக்காரர் இருமுவது கேட்கும். கழிப்பறை பொது. குளியல் தொட்டி ஹினோகி மரம், ஒவ்வொரு குடும்பமாக முறை வைத்துப் போகணும். அந்த அம்மா என் மனைவிக்கு மட்டும் கடற்பாசியில் தாஷி எடுத்துத் தனியாகச் சமைத்திருந்தார். எனக்கு உப்புத் தடவிச் சுட்ட ஆற்று மீன், மலைக்கீரை, சோபா. அப்புறம் சாதத்தை மசித்துக் குச்சியில் பிடித்து, வால்நட்டும் மிசோவும் தடவிச் சுட்ட கோஹெய் மோச்சி. இவர் அடுப்பில், அவர் பரிமாறுவதில். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் பத்து வார்த்தை. என் ஜப்பானியம் நாலு வார்த்தை.

பகல் கூட்டம் கடைசி பஸ்ஸில் போனதும் தெருவில் யாருமே இல்லை. விளக்கு மட்டும். யுகாடாவுக்கு மேல் அவர்கள் கொடுத்த பருத்திக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடந்தோம். 2018 முறுக்கு டின்னரைப் பற்றி மனைவி முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டு பேருக்கு 22,000 யென். அன்றைய ரேட்டில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். அந்த டிரிப்பில் எங்கே எவ்வளவு செலவானது என்பது எல்லாம் ஷீட்டில் இருக்கிறது. ஞாபகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

கிளம்பும்போது அந்த அம்மா விரலால் காலண்டரைக் காட்டி, அடுத்த வருஷமும் வாங்க என்கிற மாதிரி ஏதோ சொன்னார். வருவோம் என்று தலையாட்டினோம். 2024-ல் போயிருக்கலாம், காசு இருந்தது. "இந்த வருஷம் எஸ்.ஐ.பி.யை ஏற்றிடலாம், அவங்க எங்க போயிடப் போறாங்க" என்று சொன்னது நான்தான். 2025 தொடக்கத்தில் புக் பண்ண எழுதினேன். ஊர்ச் சுற்றுலா அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: அந்த வீடு இப்போது விருந்தினர்களை எடுப்பதில்லை, உரிமையாளருக்கு வயதாகிவிட்டது.

1980 வாக்கில் ஜப்பானில் 80,000-க்கு மேல் ரியோகான் இருந்தது. 2017-ல் 40,000-க்கும் கீழே. இந்த எண்ணை அந்த வீடியோவுக்குத் தயார் பண்ணும்போதே படித்திருந்தேன். அப்போது எனக்கு அது வெறும் கிராஃப். மூடிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஊரை விட்டுப் போன பிள்ளைகளும், அறுபது வயதுக்கு மேல் மெத்தை தூக்க முடியாத முதுகும் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

உடனே "அண்ணா சொல்லிட்டாரு, லோன் போட்டாவது இந்த வருஷமே போயிடலாம்" என்று ஆரம்பிச்சுடாதீங்க. அதைச் சொல்லவில்லை. அவசர நிதி இல்லாதவங்க, கிரெடிட் கார்டு பாக்கி வச்சிருக்கிறவங்க இந்தப் பக்கமே வர வேண்டாம். நான் சொல்வது காசு கையில் இருந்தும், "இன்னும் ரெண்டு வருஷம் கம்பவுண்ட் ஆகட்டும்" என்று எதையும் தள்ளிப்போடுகிற என்னை மாதிரி ஆட்களுக்கு. ஃபண்டு காத்திருக்கும். எழுபத்தைந்து வயது சமையல்காரர் காத்திருக்க மாட்டார்.

நவம்பருக்கு அதே தெருவில் வேறொரு வீட்டில் இடம் கேட்டிருக்கிறோம். வார நாள், ஒரு ராத்திரி. ஆர்.டி. ஆகஸ்ட்டில் முதிர்கிறது. மெயிலை மனைவி ஒரு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். முதல் வரி: மதியம் மூன்று மணிக்கு வந்துவிடுவோம். இரண்டாவது வரி: ஒருவர் சைவம், கடற்பாசி தாஷி போதும். பதில் இன்னும் வரவில்லை.